கேஸ் பூட்டியாச்சு எண்டு எத்தனை தரம் சொல்லுவாய்?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மதி,

நாங்கள் சுகம். சுகுணா வீட்டுக் கலியாணக் கதையள் கனக்கக் கிடக்கு, அது பிறகு. போன கடிதத்தில மகனைப் பற்றி ரெண்டே ரெண்டு வரி எழுதியிருந்தாய். படுக்கமுன்னம் கேஸ் பூட்டியாச்சா எண்டு திரும்பத் திரும்பக் கேட்கிறான், "பூட்டியாச்சு ராசா" எண்டு சொல்லிச் சொல்லி நீ களைச்சுப்போனாய் எண்டு. அதை வாசிச்சதில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளேல்லை.

அக்காவின்ர மூத்தவளுக்கு ஓ.சி.டி., மதி. வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற மனவருத்தம் அது. கழுவிக் கழுவிக் கைத்தோல் வெடிச்சுப்போச்சு. பெரியம்மா நூல் கட்டச் சொன்னா. ஒருத்தர் தியானம் எண்டார். ஒரு கிளினிக்கில பிள்ளையின்ர முகத்தையும் பார்க்காமல் குளிசை எழுதித் தந்தாங்கள். எனக்கு வந்த கோபம்!

இப்ப ஒரு உளவியலாளரிட்டப் போறாள். பயப்பிடுற சாமானைத் தொடவேணும், தொட்ட பிறகு கழுவக்கூடாது. முறை அவ்வளவுதான், ஆனா லேசில்லை. எது சின்னப் பயம், எது பெரிய பயம் எண்டு பிள்ளையே வரிசை போட்டாள். முதல்ல வீட்டுக் கதவுப்பிடி. பிறகு காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ்ஸின்ர கம்பி. கம்பியைப் பிடிச்ச கையோட வந்து, கழுவாமல், இடியப்பம் சாப்பிட்டாள்! பதகளிப்பு ஏறும், பிறகு தானா இறங்கும். இறங்கப் பிந்தினாலும், நினைச்ச ஆபத்து வரேல்லை எண்டதை மூளை படிச்சுக்கொள்ளும்.

1966இல லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில விக்டர் மேயர் எண்டவர் இந்த வழியைப் பற்றி எழுதினவர். அதுக்கு முதல் இந்த வருத்தத்தை மாத்தேலாது எண்டுதான் கன வைத்தியர்மார் நினைச்சவை. வருசக்கணக்காச் சின்ன வயசைக் கிண்டிப் பார்த்தும் பெரிசாப் பலனில்லை. அப்ப தாதிமார் பக்கத்தில நிண்டு கழுவவிடாமல் தடுத்தவை. இப்ப வற்புறுத்துறேல்லை, பிள்ளை சம்மதிச்சுத்தான் ஒவ்வொரு படியும்.

சிலருக்குக் குளிசையும் தேவைதான். புளூஒக்செற்றின் மாதிரி மருந்துகள் உதவும். ஆனா மனச்சோர்வுக்குக் குடுக்கிறதைவிடக் கூடின அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8–12 கிழமை செல்லும். அதை அந்தக் கிளினிக்கில ஒருத்தரும் சொல்லாததால அவள் இடையில விட்டிட்டாள்.

இனி உன்னட்ட வாறன். நீ சொல்லுற "பூட்டியாச்சு ராசா"தான் உன்ர மகனுக்குக் கை கழுவுற தண்ணி. கேட்டவுடன ஆறுதல், கொஞ்சத்தால திரும்பவும் சந்தேகம். அதுக்காக இண்டைக்கே வாயை மூடாத, பிள்ளை தவிச்சுப்போவான். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போ. பதிலை எப்பிடிப் படிப்படியாக் குறைக்கிறது எண்டதை அவனையும் வைச்சே கதைச்சு முடிவெடுங்கோ. அவசரமெண்டால் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926க்கு எடு.

"வகுப்பில முதலாம் பிள்ளை, அவனுக்கென்ன வருத்தம்" எண்டு உன்ர மாமி தொடங்குவா, தெரியும். அவவோட நான் கதைக்கிறன், மாங்காய்க் கதைக்குப் பிறகு நான் சொன்னால் கேட்பா. நீ கிளினிக் நாளைக் கேட்டுக் கடிதம் போடு. வட்ஸ்அப்பில கட்டைவிரலைக் காட்டிப்போட்டுத் தப்பேலாது.

அன்புடன்,
ரேணு