டைட்டில் ஓடும்போது விளக்கை அணையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

படங்களின் டைட்டில் காட்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கிராபிக்ஸ் வந்த பிறகுதான் டைட்டில்களுக்கு அழகு வந்தது என்கிற மாதிரி அதில் ஒரு தொனி. அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழிலும் மலையாளத்திலும் கடை போர்டு எழுதுகிறவன். எழுத்து எங்கே நிற்கிறது, அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் பார்க்கும்.

1955-இல் வந்த ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்த டைட்டிலில் அப்படி என்ன இருக்கிறது? கறுப்புத் திரையில் சில வெள்ளைப் பட்டைகள். நீள்கின்றன, நகர்கின்றன, பெயர்களுக்கு இடம்விட்டு ஒதுங்குகின்றன; கடைசியில் கோணல்மாணலான ஒரு கையாகிவிடுகின்றன. போதை ஊசிக்கு அடிமையானவனின் கதை அது. நாயகன் முகத்தைக் காட்டாமலே விஷயத்தைச் சொல்லியாயிற்று. 1960-இல் ‘சைக்கோ’வுக்கும் அவர்தான். அதில் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் பாய, பெயர்கள் துண்டாகி விலகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். மனம் இரண்டாகப் பிளந்தவனின் கதைக்கு வேறென்ன வேண்டும்?

நம்ம ஊரில் 1992-இல் ‘அண்ணாமலை’யில் ரஜினிக்கு வந்த சூப்பர் ஸ்டார் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூடி வரும். கூடவே தேவாவின் இசை. அந்த ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் விசில் அடித்தார்கள்.

இப்போதோ ட்ரோன் இருக்கிறது என்பதற்காகவே பறக்கவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டம், வளைந்த ரோடு, ஜீப், மூடுபனி எல்லாம் ஓட, அதன்மேல் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்து. தேயிலைமேல் இருக்கும்வரை படிக்கலாம். மூடுபனி வந்ததும் பெயர் காணாமல் போய்விடும். வெளுத்த சுவரில் எழுதும்போது நாங்கள் ஷேடு கொடுத்தாவது எழுத்தைக் காப்பாற்றுவோம். இன்னொன்று: ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘கூ’வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு விடுகிற வரி இடைவெளியைத் தமிழுக்கும் விட்டால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். மலையாளத்துக்கும் அதே பாடுதான். படம் ஓடினால் எழுத்து நிற்கட்டும், எழுத்து ஓடினால் படம் நிற்கட்டும் என்பது என் கட்சி. இரண்டும் ஓடினால் கண் எதைப் பிடிக்கும்?

சரி, நல்ல டைட்டிலாகவே வந்தாலும் பார்க்க விடுகிறார்களா? எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் புகையிலை எச்சரிக்கை முடிந்து, கல்யாணப் பத்திரிகை உறவுமுறை மாதிரி நீளும் நன்றி கார்டுகளும் முடிந்து, டைட்டில் பாதி ஓடிய பிறகும் பக்கவாட்டு விளக்குகள் எரிந்துகொண்டேயிருக்கும். கேட்டால், ‘இன்னும் ஆள் வருதுங்களே, படம் ஆரம்பிச்சதும் அணைச்சிருவோம்’ என்கிறார்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கூத்துதான். மூடிய திரைச்சீலையின் மேலேயே டைட்டிலை ஓட்டிவிட்டு, படம் தொடங்கும்போதுதான் சீலையை விலக்குவார்கள். அதனால்தான், மேலே சொன்ன 1955 படத்தின் பிலிம் பெட்டிகளில், டைட்டிலுக்கு முன்பே சீலையை விலக்கச் சொல்லி ஆபரேட்டர்களுக்குக் குறிப்பு ஒட்டி அனுப்பினார்கள். நம் தயாரிப்பாளர்களும் தியேட்டருக்கு அப்படி ஒரு வரி எழுதி அனுப்பலாம். காசு செலவில்லை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விமர்சனத்தில் ஒளிப்பதிவாளர், எடிட்டர், பாடலாசிரியர் எல்லோர் பெயரையும் போடுகிறீர்கள். டைட்டில் வடிவமைத்தவர் பெயரையும் சேர்த்தால் என்ன? இடம் போதவில்லை என்றால் ஸ்டார் மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள்.

போர்டு எழுதும் ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.