மெகுமி வழக்கில் எது மர்மம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1977-இல் காணாமல் போன ஜப்பான் பள்ளி மாணவி மெகுமி யோகோட்டாவைப் பற்றித் தமிழில் எழுதும்போதெல்லாம் ‘விலகாத மர்மம்’ என்ற சொல் வந்துவிடுகிறது. கூடவே, ‘வட கொரியா கொடுத்த அஸ்தி அவருடையதல்ல என்று டி.என்.ஏ. சோதனை நிரூபித்துவிட்டது’ என்ற வரியும் வருகிறது. இரண்டையும் திருத்த வேண்டும்.

1977 நவம்பர் 15 மாலை, நீகாட்டா நகரில், 13 வயது மெகுமி பள்ளியில் இறகுப்பந்துப் பயிற்சி முடித்து ஆறரை மணிவாக்கில் தோழிகளோடு கிளம்பினார். கடைசித் தோழி பிரிந்தபின் வீட்டுக்குச் சில நிமிட நடைதான். மோப்ப நாய்கள் வீட்டருகே இருந்த முக்கு வரை வந்து நின்றுவிட்டன. கடற்கரையும் பக்கத்தில்தான். புத்தகப் பை, பந்து மட்டை எதுவும் கிடைக்கவில்லை.

பணத்துக்காகக் கடத்தலா, வீட்டைவிட்டு ஓடிப்போனாரா, விபத்தா என்ற கோணங்களில்தான் முதலில் தேடினார்கள். அடுத்த கோடையில் ஃபுகுயி, நீகாட்டா, ககோஷிமா மாகாணக் கடலோரங்களில் மூன்று இளம் ஜோடிகள் காணாமல் போயின. சாடோ தீவில் ஒரு தாயும் மகளும் காணாமல் போனார்கள். 1978 ஆகஸ்ட் 15 அன்று தோயாமா மாகாணத்தின் தகாஓகாவில் ஒரு ஜோடி மயிரிழையில் தப்பியது. தாக்கியவர்கள் விட்டுச்சென்ற ரப்பர் வாய்ப்பூட்டும் கைவிலங்கும் போலீஸ் கையில் சிக்கின. ஆனால் ஜப்பானில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனிப் போலீஸ் துறை. ஒவ்வொரு சம்பவமும் அந்தந்த ஊர்க் கோப்பிலேயே தங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்காததுதான் அன்று நேர்ந்த பெரிய பிழை என்பது என் எண்ணம். மெகுமியின் பெற்றோருக்கு ‘மகள் வட கொரியாவில்’ என்ற தகவல் கிடைத்தது 1997 ஜனவரியில், அதாவது ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து.

2002 செப்டம்பர் 17 அன்று வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில், ஜப்பான் பிரதமர் கொய்சுமியிடம் அந்நாட்டுத் தலைவர் கிம் ஜோங் இல் கடத்தல்களை ஒப்புக்கொண்டார். 13 பேர், அவர்களில் 8 பேர் இறந்துவிட்டார்கள், மெகுமியும் அதில் ஒருவர் என்றது வட கொரியா. ஜப்பான் அரசின் பட்டியலிலோ இன்று 17 பேர். உயிரோடிருந்த ஐவர் அக்டோபர் 15 அன்று ஊர் திரும்பினார்கள். ஆக, கடத்தியது யார் என்பதில் மர்மமில்லை. அதன்பின் மெகுமிக்கு என்ன ஆயிற்று என்பதற்குத்தான் நம்பத்தக்க பதில் இல்லை. 1993 மார்ச்சில் இறந்தார் என்று வட கொரியா முதலில் சொன்னது. அதற்குப் பிறகும் அவரைப் பார்த்ததாகத் திரும்பி வந்தவர்கள் கூறியதும், தேதி 1994 ஏப்ரலுக்கு நகர்ந்தது.

இனி அஸ்திக்கு வருவோம். 2004 நவம்பரில், மெகுமியுடையவை என்று சொல்லி, எரிக்கப்பட்ட எலும்புத் துண்டுகளை வட கொரியா ஜப்பானியக் குழுவிடம் ஒப்படைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பெற்றோர் பாதுகாத்து வைத்திருந்த மெகுமியின் தொப்புள்கொடி உதவியது. தேசிய போலீஸ் ஆய்வகத்தால் டி.என்.ஏ. எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. டெய்க்யோ பல்கலைக்கழகத்தில் மட்டும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. (தாய்வழியாக மட்டும் வருவது) கிடைத்தது. அது வேறு இருவருடையது என்று ஜப்பான் அரசு டிசம்பரில் அறிவித்தது.

சிக்கல் இங்கேதான். அந்த எலும்புகள் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் எரிந்தவை என்று சொல்லப்பட்டது. அந்த வெப்பத்தில் டி.என்.ஏ. தப்புவது மிக அரிது. பயன்பட்ட முறையோ, டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்து ஒருமுறை பெருக்கியதை மறுமுறையும் பெருக்கும் இரட்டை பி.சி.ஆர். மிகச் சிறு எச்சத்தையும் அது பிடித்துவிடும். எலும்பைத் தொட்டவரின் வியர்வையையும் அதே கூர்மையோடு பிடிக்கும். எரிந்த எலும்பு பஞ்சு மாதிரி, பட்டதை உறிஞ்சிக்கொள்ளும். சோதித்த நிபுணரே, முடிவு அறுதியானதல்ல, மாசு கலந்திருக்கலாம் என்று 2005 பிப்ரவரியில் ‘நேச்சர்’ அறிவியல் இதழிடம் ஒப்புக்கொண்டார். அவர் கைவசமிருந்த மாதிரிகளும் சோதனையிலேயே தீர்ந்துபோயின.

இதைச் சொன்னால் சிலர், ‘அப்படியானால் அவர் இறந்தது உண்மைதான்’ என்று தாவிவிடுகிறார்கள். அது இன்னும் பெரிய தவறு. மாசு கலந்திருக்கக்கூடிய சோதனை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாகாது. இறந்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மாறும் தேதியும் கரிந்த எலும்பும் நிரூபணமாகிவிடாது.

தந்தை ஷிகெரு 2020 ஜூனில், 87 வயதில், மகளைக் காணாமலே காலமானார். 2014 மார்ச்சில் அவரும் மனைவி சாகியேயும் மங்கோலியத் தலைநகரில் பேத்தியை, மெகுமியின் மகளை, முதன்முறையாகச் சந்திக்க முடிந்தது. அதோடு சரி. ஜப்பான் அரசின் பட்டியலில் உள்ள, இன்னும் திரும்பாத 12 பேரின் பெற்றோரில் இன்று உயிரோடு இருப்பவர் சாகியே ஒருவர்தான்.

எனவே, இனி மெகுமியைப் பற்றி எழுதும்போது ‘மாயமானவர்’ என்றோ ‘மறைந்தவர்’ என்றோ எழுத வேண்டாம். ‘வட கொரியாவால் கடத்தப்பட்டவர், என்ன ஆனார் என்பதற்கு அந்நாடு இன்னும் ஏற்கத்தக்க பதில் தரவில்லை’ என்று எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி