பந்திக் குப்பையும் செப்டிக் டேங்க் லாரியும்: செட்டிநாட்டு உள்ளாட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நெற்குப்பை பேரூராட்சிகளையும், சுற்றியுள்ள ஊராட்சிகளையும், காரைக்குடி மாநகராட்சியையும் நடத்துகிற பெரியோர்களுக்கு வணக்கம். பந்திக் குப்பையையும் செப்டிக் டேங்க் கசடையும் உரமாக்கித் தரும்படி கேட்கவே இந்த மடல்.

நான் இந்தப் பக்கம் மானாவாரி நெல் போடுகிறவன். புரட்டாசி மழை தொடங்கும்போது டிஏபி உரம் தேடிக் கடை கடையாக அலைவது எங்களுக்குப் பழகிவிட்டது. மூட்டையில் 1350 ரூபாய் என்று போட்டிருக்கும். கூடவே வேண்டாத ஒரு மருந்துப் பாட்டிலையும் வாங்கினால்தான் கொடுப்பார்கள். அந்த உரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறையின் உலகக் கையிருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோவிடம் இருக்கிறது. கப்பல் தாமதமானால் இங்கே அடியுரம் இல்லாமல்தான் விதைப்பு. போதாததற்கு நம் செம்புறை மண்ணில் உள்ள இரும்பு, போட்ட மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியைப் பயிருக்கு விடாமல் பிடித்துக்கொள்கிறது.

அதே சத்தை நாம் தினமும் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

முகூர்த்த நாளில் ஏதாவது ஒரு கல்யாண வீட்டின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாழை இலை, சோறு, சாம்பார்க் காய் எல்லாம் மலையாகக் கிடக்கும். முழுக்க மட்கக்கூடியவை. ஆனால் மேசையில் விரித்த மெழுகுத் தாளோடு இலையையும் சேர்த்துச் சுருட்டி எறிகிறார்கள். இடையிடையே தண்ணீர் பாட்டில். பந்தி எடுக்கிற இடத்திலேயே இரண்டு தொட்டி வைத்திருந்தால் அது உரம். கலந்துவிட்டால் எதற்கும் ஆகாது.

அப்புறம், செப்டிக் டேங்க் லாரி. இருட்டியபின் கண்மாய்க் கரையில் குழாயைத் திறந்துவிட்டுப் போவதைப் பார்க்காதவர் இந்த வட்டாரத்தில் யாருமில்லை. பத்துப் பேர் ஒரு வருஷம் கழிக்கும் சிறுநீரில் மட்டும் ஒரு யூரியா மூட்டை அளவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அது வயலுக்கு வராமல் ஊருணியில் சேர்ந்து ஆகாயத்தாமரையை வளர்க்கிறது.

வெளியே இது தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் சாக்கடைக் கசடை உலர்த்தி மூட்டை போட்டு விற்கிறது. ஜெர்மனியில் 2029 முதல் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களின் கசடிலிருந்து மணிச்சத்தை மீட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். நம் முசிறியிலேயே சிறுநீரைத் தனியே சேகரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, பயன்படுத்துவோருக்குக் காசும் கொடுத்தார்கள்.

நமக்கு அருகிலேயே, காரைக்குடியில், சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆய்வு நிலையம். மக்னீசியத் தகட்டை மின்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினால், தகடு கரைந்து, கழிவுநீரில் உள்ள அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் சேர்த்துக்கொண்டு ஸ்ட்ரூவைட் என்ற படிகமாக அடியில் இறங்கும். மெதுவாகக் கரைகிற உரம். ஒரே மழையில் அடித்துக்கொண்டு போகாது. இது மின்வேதியியல் வேலைதானே. அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

லாரிக் கசடை அப்படியே வயலில் விடச் சொல்லவில்லை. குடற்புழு முட்டை மாதக்கணக்கில் மண்ணில் சாகாமல் கிடக்கும். கசடை உலர்த்தி, இலைக் குப்பையோடும் புதுவயல் அரிசி ஆலை உமியோடும் குவித்து, 55 டிகிரிக்கு மேல் சூடேறும்படி மட்கவைத்து, பரிசோதித்த பிறகே தர வேண்டும். குழிக்குள் ஆளை இறக்கக்கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. இந்த வேலை ஒரு சாதியின் தலையில் மறுபடி விழக்கூடாது என்பதை முதல் நிபந்தனையாகவே வைக்கிறேன். இயந்திரம், கையுறை, நிரந்தரச் சம்பளம் மூன்றும் இருந்தால்தான் இது தொழில்.

சாணம், உணவுக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் உரத்துக்கு டன்னுக்கு 1500 ரூபாய் உதவி என்று ஒன்றிய அரசு 2023-ல் அறிவித்தது. தனித்தனியாக ஒரு பேரூராட்சியால் முடியாது, சரி. நான்கைந்து ஊர் சேர்ந்து ஒரு நிலையம் போடலாமே. அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். லாரிகள் இறக்க ஓர் இடத்தை முதலில் குறித்துக் கொடுங்கள். உரம் தயாரானால் சோதித்துப் பார்க்க என் வயலில் அரை ஏக்கர் தருகிறேன். பக்கத்திலேயே டிஏபி போட்ட அரை ஏக்கரும் இருக்கும். அறுப்பு அன்று வந்து இரண்டையும் நிறுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவன்