குடியிருப்போர் நலச் சங்கம், காட்பாடி: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கால்வாய் தூர்வாருதல், குப்பை வண்டி வரும் நேரம் எல்லாம் மாதக் கூட்டங்களிலேயே பேசி முடித்தவை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் புதிதாகக் கையில் எடுத்தது தேனீக்களுக்கான செடி வளர்ப்பு. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மாடித்தோட்டம் போட்ட பல வீடுகளில் பரங்கியும் பாகலும் நன்றாகப் பூத்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கூட்டியவர்கள் உண்டு. பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியற்காலையில் விரிகிற பூ மதியத்துக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் எத்தனை உரம் போட்டும் பயனில்லை.

தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாம் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். செயற்குழு இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது, அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். பூ குறைந்தால் அடுக்குத் தேனீ பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். அப்புறம், நம் தெருக்களிலேயே தேனீக்கள் இருக்கின்றன: செடிக்கிளையில் சின்ன அடை கட்டும் கொம்புத்தேனீ, சுவர் இடுக்கில் குடியிருக்கும் கொசுத்தேனீ, கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ.

இந்தக் கருவண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தின் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் பெருமை. கத்தரிப் பூவின் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும், நுனியில் சிறு துளை மட்டும்தான். கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைத்தால் மகரந்தம் கொட்டும். அடை கட்டித் தேன் சேர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது. கருவண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழ்கிறது. அதனால்தான் பூங்காவில் காய்ந்த முருங்கைக் கிளைகளை ஓர் ஓரமாக விட்டுவைத்திருக்கிறோம். குப்பையாகத் தெரிகிறது என்று சொன்னவர்கள் காரணம் தெரிந்ததும் ஒத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு நன்றி.

உறுப்பினர்களுக்குத் துளசி, திருநீற்றுப்பச்சிலை, டேபிள் ரோஸ், சூரியகாந்தி நாற்றுகள் கொடுத்தோம். பால்கனியில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் துளசி போதும், ஆனால் கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். கொத்தமல்லியிலும் ஒரு பாத்தியை அறுக்காமல் விட்டால் வெள்ளைப் பூவில் தேனீ மொய்க்கும். கடையில் வாங்கும்போது ஒற்றை அடுக்குப் பூவாகப் பாருங்கள். இதழ் நெருங்கிய அடுக்குப் பூக்களில் பலவற்றில் தேனும் மகரந்தமும் குறைவு, இருந்தாலும் தேனீக்கு எட்டாது.

வேலூர் வெயிலைச் சொல்லத் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கமும் தேனீயைக் காப்பாற்றிவிடும். அவை ஓய்ந்த பிறகு, வெயிலைத் தாங்கிப் பூக்கும் டேபிள் ரோஸ் போன்றவைதான் கைகொடுக்கும். அகலமான மண்தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் முங்காத அளவு தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் தேனீ விழுந்து செத்துப்போகும். கொசு முட்டையிடாமல் தண்ணீரைத் தினமும் மாற்றுவதும் முக்கியம்.

ஒரு வருத்தம். வேலியோரம் உள்ளங்கை அளவே இருந்த கொம்புத்தேனீ அடையை இரவில் தீ வைத்து எரித்திருக்கிறார்கள். சீண்டாவிட்டால் அது யாரையும் தேடி வந்து கொட்டாது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பெரிய மலைத்தேனீ அடை கட்டியிருந்தால் நிலைமை வேறு. கிட்டப் போகாமல், கல்லெறியாமல், தீயணைப்பு நிலையத்துக்கோ சங்கத்துக்கோ சொல்லுங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவருகிறது. பூங்காவில் ரசாயனப் பூச்சிமருந்து அடிப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசலை, அதையும் தேனீக்கள் திரும்பிய பிறகு மாலையில் மட்டுமே தெளிக்க வேண்டும். இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்