மேடையை டிவிக்குக் கீழே போட்டிருக்கும் கிளப் முதலாளிகளுக்கு

சென்னையில் பேண்டுகளை அழைத்துப் பாடவைக்கும் கிளப், பப், மொட்டைமாடி உணவக உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். நான் எந்த பேண்டிலும் இல்லை. கிடார் பிடிக்கக்கூடத் தெரியாது. காசு கொடுத்து வந்து, தூணோரமாக நின்று கேட்டுவிட்டுப் போகிறவள். உங்கள் கணக்கில் நான் ஒரு எலுமிச்சை சோடா, அதிகபட்சம் ஒரு தட்டு பொரியல் வகையறா. அதனால் உங்களுக்குப் பெரிய லாபமில்லை என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

உங்களில் ஒருவர் இடத்தில் போன ஐபிஎல் பருவத்தில் ஒரு இரவு. பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே புரியும். போஸ்டரில் எட்டு மணி என்று போட்டிருந்தது. போனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, பெரிய திரை சரியாக மேடைக்கு மேலே. நாலு பையன்களும் ஒரு பெண்ணும் ஆம்ப்புகளின் மேல், அதாவது கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகளின் மேல், உட்கார்ந்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவே வாசித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடைவேளை இருபது நிமிடம். அது முடிந்தால் மறுபடி ஆட்டம். ஆட்டம் முடிவதற்குள் பத்து மணி தாண்டிவிடும், அதற்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் போடக் கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படி. ஆக அந்த பேண்டுக்குக் கிடைத்தது மூன்று பாட்டு. வாசிப்பதற்கு முன் ஒலியைச் சரிபார்க்கிற சவுண்ட்செக் கிடையாது. முதல் பாட்டில் பாடுகிறவள் குரலே கேட்கவில்லை, டிரம்ஸின் சிம்பல் தட்டு மட்டும் காதைக் கிழித்தது.

கிரிக்கெட் மேல் எனக்குக் கோபமில்லை. சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் நானும் மஞ்சள் சட்டைதான்.

ஆனால் அந்த இரண்டாவது பாட்டைச் சொல்ல வேண்டும். பறக்கும் ரயிலில் கடைசி வண்டியைத் தவறவிட்டு வேளச்சேரி ஸ்டேஷனில் நிற்கிறவனைப் பற்றியது. தமிழில், அதுவும் நம் பேச்சுத் தமிழில். பேஸ் கிடார் தண்டவாளத்தில் தூரத்து ரயில் வருகிற மாதிரி ஒரே சுரத்தில் அடித்துக்கொண்டே இருக்க, மற்ற கிடார் உள்ளே வராமல் இழுத்துப் பிடித்தது. இப்போது வரும், இப்போது வரும் என்று நம்மைக் காக்க வைத்துவிட்டுக் கடைசியில்தான் வந்தது. பக்கத்து மேஜையில் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கேக்கிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் விற்க வேண்டியது அந்த நிமிடத்தைத்தான். அடுத்து மேலாளர் வந்து, “எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா ஒண்ணு போடுங்க தம்பி” என்றார். மூன்றாவது பாட்டு எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அதை நான் ஆட்டோவிலேயே கேட்டுக்கொள்வேனே!

‘கூட்டம் வராது, நாங்கள் என்ன செய்ய?’ என்பீர்கள். டிசம்பரில் மயிலாப்பூர் பக்கம் கர்நாடக இசை சபாக்களுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு இளைஞர் கச்சேரி, அனுமதி இலவசம். அரங்கில் பாதி காலி, உறவினர்களும் நாலு மாமாக்களும்தான் இருப்பார்கள். கேண்டீனில் கூட்டம் அதைவிட அதிகம். ஆனாலும் நேரத்துக்குத் திரை எழும், மைக் வேலை செய்யும், தெரிந்த பாட்டாகப் போடு என்று யாரும் பாதியில் வந்து சொல்வதில்லை. அங்கே வாசித்து வாசித்துத்தான் நாலு மணிக் கச்சேரிக்கும் அப்புறம் மாலைக் கச்சேரிக்கும் ஏறுகிறார்கள். சபாக்கள் யாருக்கு மேடை தந்தன, யாருக்குத் தரவில்லை என்பதில் எனக்குப் பெரிய வழக்கு உண்டு. சாதியை எதிர்த்துப் பாடும் சென்னை பேண்டான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் முதன்முதலில் பாடியது சபாவிலும் இல்லை, உங்கள் கிளப்பிலும் இல்லை, கீழ்ப்பாக்கத்தில். அது தனிக் கடிதம். நான் கேட்பது அந்தப் பன்னிரண்டு மணிக் கச்சேரியை மட்டும்தான். ராக் வாசிக்கிற பிள்ளைகளுக்கு அது எங்கே இருக்கிறது? கல்லூரி விழாவை விட்டால் நேராக உங்கள் டிவிக்குக் கீழே வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்று, வாசலில் கேட்கும் அடையாள அட்டை. இருபத்தொன்று ஆகாதவர்களுக்கு மது தரக் கூடாது என்பது சட்டம், சரி. ஆனால் பத்தொன்பது வயது டிரம்மரின் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்! அமெரிக்காவில் இதே சிக்கல் 1980லேயே வந்தது. டீன் ஐடில்ஸ் என்ற வாஷிங்டன் பையன்கள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில் வாசிக்கப் போனபோது, மது தரக் கூடாது என்பதற்கு அடையாளமாகப் புறங்கையில் கறுப்பு மையால் எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பி, எங்களையும் இப்படி விடுங்கள் என்று தங்கள் ஊர் கிளப்பில் கேட்டார்கள். ஒரு மார்க்கர் பேனா என்ன விலை?

பேனாவை நம்ப முடியாது, உரிமம் போய்விடும் என்று பயந்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் மாதத்தில் ஒரு ஞாயிறு, மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, பார் கவுண்டரைப் பூட்டிவிட்டு நடத்துங்கள். அந்த நேரத்தில் உங்கள் நாற்காலிகள் எப்படியும் காலியாகத்தான் கிடக்கின்றன. மூன்று பேண்டு, ஆளுக்கு முக்கால் மணி, சொந்தப் பாட்டு மட்டும். டிக்கெட் இருநூறோ முந்நூறோ வையுங்கள். 500 ரூபாய் வரை இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வாசலில் வசூலாகும் பணம் பேண்டுகளுக்கு, காபியும் சமோசாவும் உங்களுக்கு. ஸ்பீக்கர்களை ஓட்டத் தெரிந்த ஒருவரை அன்றைக்கு மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள், அவர் சம்பளத்தைச் சேமிக்கப் பார்க்காதீர்கள். பாடுகிறவள் குரல் கேட்காவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை.

பேண்டுக்குத் தருவதை அன்றே, பணமாகத் தாருங்கள். அந்த ஐவருக்கு அன்றிரவு கிடைத்தது உணவுக் கூப்பன், அதுவும் அடுத்த வருகையின்போது மட்டும் செல்லும்.

இப்படிக்கு,
தூணோரம் நிற்கும் ஒருத்தி