மதர்போர்டை மாற்றும் முன் சார்ஜரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேமிங் லேப்டாப் திணறுகிறது என்று கேட்ட வாசகருக்கு, விசிறியில் தூசி அடைத்திருக்கும், சுத்தம் செய்யுங்கள் என்று கணினிப் பகுதியில் பதில் போட்டிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் 'சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும்' என்று அவர் எழுதியிருந்தாரே, அதை விட்டுவிட்டீர்கள்.

என் பேரன் படிப்புக்கென்று வாங்கி விளையாட்டுக்கென்று வைத்திருக்கும் லேப்டாப்பிலும் இதே கூத்துதான். பிளக்கைச் செருகினால் பிரவுசர் திறக்கவே முக்கி முனகும், பிடுங்கினால் ஓடும். கடையில் மதர்போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) போய்விட்டது, 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர், லோ வோல்டேஜாக இருக்கும் என்றார். 32 வருஷம் மின்வாரியத்தில் இருந்தவனிடம்! 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அடாப்டர் (சார்ஜர்) மேலேயே அச்சடித்திருக்கிறது.

லேப்டாப்பின் வேகத்தை ஓடும்போதே காட்டும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிளக்கைச் செருகச் சொன்னேன் பேரனை. 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்த சிபியு (லேப்டாப்பின் மூளை) வேகம் சட்டென்று 0.79க்கு விழுந்தது. சூட்டினால் என்றால், ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரமாகி, விசிறி இரைந்து, அப்புறம்தானே இறங்கும்? இங்கே லேப்டாப் தொட்டால் சில்லென்று இருக்கிறது.

பழைய அடாப்டர் வயர் பிய்ந்துபோனதால் பேரன் மலிவாக ஒன்று வாங்கியிருந்தான். 19.5 வோல்ட், 9.23 ஆம்பியர், பெருக்கினால் 180 வாட். கணக்கு சரிதான். ஆனால் லேப்டாப்பை ஆன் செய்ததும், அடாப்டரின் வாட் அளவு தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. "அது தினமும் வரும் தாத்தா" என்று எண்டரைத் தட்டிவிட்டுப் போகிறான்!

சில கம்பெனி லேப்டாப்களில் சார்ஜர் முனையின் நடுவே மயிரிழை போல ஒரு பின் இருக்கும். அதில் பவர் வராது. 'நான் 180 வாட்' என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. பின் வளைந்தாலும், போலி அடாப்டராக இருந்தாலும் அந்தச் சேதி போய்ச் சேராது. எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியாமல் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வகுப்புத் தோழனிடம் அதே மாடலின் ஒரிஜினல் அடாப்டரை இரவல் வாங்கிச் செருகினோம். பழைய வேகம் வந்துவிட்டது. ஒரிஜினல் ஒன்று வாங்கியதோடு செலவு முடிந்தது.

வேகத்தைக் குறைக்கும் இந்தக் கட்டுப்பாட்டையே அணைத்துவிட ஒரு மென்பொருள் இருக்கிறதாம், பேரன் காட்டினான். ஃபியூஸ் போன இடத்தில் தடிக் கம்பியைச் சுற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்தவன். வேண்டாம் என்றேன்.

அந்த வாசகர் இன்னும் மதர்போர்டை மாற்றாமல் இருந்தால், அவர் கண்ணில் படும்படி இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய போர்மேன்,
திருமங்கலம்