கான்கார்டிலிருந்து அண்ணனுக்கு

கான்கார்ட், வட கரோலினா
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மா, மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகந்தானே? பாப்பாவுக்கு நாற்பது நாள் ஆகிவிட்டது. தொட்டிலில் போட்டால் அழுகிறாள், காரில் ஏற்றினால் தூங்கிவிடுகிறாள். பெரியப்பாவைப் போலத்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய நாளைப் பற்றிப் போனில் முழுதாகச் சொல்லவில்லை. நர்ஸம்மா கார்வரை கூடவே வந்தார். பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். தோள் பட்டைக்கும் பிள்ளைக்கும் இடையே விரலை விட்டு, தளர்வாக இருக்கிறதென்று மறுபடி இறுக்கினார். அதன் பிறகுதான் கதவைச் சாத்தவிட்டார். மூன்று நாள் பிஞ்சை அப்படிக் கட்டிவைத்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. அப்போது உங்கள் நினைவுதான் வந்தது. எதற்கென்று சொல்கிறேன்.

நான் இருப்பது கார் பந்தய ஊர். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் இங்குள்ள சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயில் 600 மைல் பந்தயம் நடக்கும். அந்த உறுமல் எங்கள் சமையலறைவரை வரும். பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய மெக்கானிக். போன மாதம் என்னைச் சார்லட்டிலுள்ள நாஸ்கார் என்ற கார் பந்தய அமைப்பின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் பேச்சு.

மாற்றியமைக்காத கார்களுக்கென்று நாஸ்கார் நடத்திய முதல் பந்தயம் 1949 ஜூனில் சார்லட்டில்தான். முக்கால் மைல் மண் ஓடுபாதை. ஓடியவை கடையில் விற்கும் அதே கார்கள். லீ பெட்டி என்பவர் இரவல் வாங்கிய பியூக் காரில் வந்து, அதை உருட்டி நொறுக்கிவிட்டு உயிரோடு இறங்கினாராம். அந்தக் காலத்தில் கயிற்றால் தங்களைக் கட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் இருந்தார்கள். உலகப் போர் முடிந்து மலிவாகக் கிடைத்த ராணுவ விமானத்துப் பட்டைகளை வாங்கி மாட்டியவர்களும் இருந்தார்கள். கார் உருளும்போது திறந்துகொள்ளக் கூடாதென்று கதவையும் தோல் பெல்ட்டால் கட்டினார்கள்.

ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஜோ வெதர்லி. 1962, 1963 இரண்டு ஆண்டும் அவர்தான் சாம்பியன். இடுப்பு பெல்ட் போடுவார், தோள் பட்டை போடமாட்டார். தீப்பிடித்தால் வெளியே வரமுடியாமல் சிக்கிக்கொள்வோம் என்று பயந்தார். 1964 ஜனவரியில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் கார் சுவரில் மோதியது. தலை ஜன்னலுக்கு வெளியே போய்ச் சுவரில் அடிபட்டு, அங்கேயே உயிர் போயிற்று.

அண்ணா, குற்றாலம் சவாரிக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் சொல்வதும் இதைத்தானே? "தீப்பிடித்தால் எப்படி இறங்குவது?" செக்போஸ்ட் வந்ததும் பெல்ட்டைத் தோள்மேல் இழுத்துப் பிடித்துக்கொள்வீர்கள், தாண்டியதும் விட்டுவிடுவீர்கள். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். முப்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். உங்களிடம் எப்படிச் சொல்வதென்று இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே 1964 மே மாதம், என் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஓடுபாதையில்தான் ஃபயர்பால் ராபர்ட்ஸ் என்ற பந்தய ஓட்டுநரின் கார் கவிழ்ந்து பெட்ரோல் பற்றிக்கொண்டது. நெட் ஜாரெட் என்ற சக ஓட்டுநர் ஓடிப்போய் இழுத்தெடுத்தார். ஆனாலும் ஜூலையில் ராபர்ட்ஸ் இறந்துவிட்டார். அதற்கு இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெல்ட்டைக் கழற்றவில்லை. பெட்ரோல் தொட்டிக்குள் கிழியாத ரப்பர்ப் பை வைத்தார்கள், தீயைத் தாங்கும் உடுப்பு கொண்டுவந்தார்கள். அருங்காட்சியகத்தில் அந்தப் பட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் வயிற்றுக்கு நேரே ஒரே கொக்கியில் வந்து சேர்கின்றன. ஒரு நெம்பு நெம்பினால் மொத்தமும் விடுபடும்.

அடுத்த ஆண்டு புளோரிடாவின் டேடோனாவில் டயர் சோதனை ஓட்டத்தில் பில்லி வேட் என்ற ஓட்டுநர் இறந்தார். இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகே தொடைகளுக்கு நடுவே ஐந்தாவது பட்டை வந்தது. 1970இல் தென் கரோலினாவின் டார்லிங்டன் ஓடுபாதையில் லீ பெட்டியின் மகன் ரிச்சர்டின் கார் பல்டியடித்தபோது, அவர் தலையும் கையும் ஜன்னலுக்கு வெளியே துவண்டு தொங்கின. அவர் பிழைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வலை கட்டாயமாயிற்று. இதைச் சொல்லும்போது பெரியவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

தை மாதம் வருகிறோம். மதுரை விமான நிலையத்துக்கு நீங்கள்தான் வரவேண்டும், வேறு வண்டி பேசவேண்டாம். பாப்பாவின் இருக்கையை இங்கிருந்தே கொண்டுவருகிறேன். அது பின்சீட் பெல்ட்டில்தான் மாட்டும். உங்கள் வண்டியில் பெல்ட் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. கவரை அவிழ்த்து எடுத்து, மண் தட்டி, பூட்டுகிறதா என்று பார்த்துவையுங்கள். முன்சீட்டில் உங்கள் பெல்ட்டையும் அப்படியே பார்த்துவிடுங்கள், அண்ணா. மதினியிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்புத் தம்பி